மெல்பேர்ணில் பார்க்காத ஆட்டம்

1

என் அக்காவின் மகள் தாரணி இதற்கு முன் என்ன தொழில் செய்தாள் என்று என் காதுபட முதன்முதலில் கேட்டவர் ஒரு ஜேர்மன் அதிகாரி. அவள் மெல்பேர்ணிலிருந்து வந்து டுசல்டோர்ஃபில் எங்கள் வீட்டில் தங்கிப் பல மாதங்கள் ஆகியிருந்தன. காலையில் அவளுக்குத் தேநீர் போட்டுக்கொடுத்துவிட்டுத்தான் நான் வேலைக்குப் போவேன். ஆனாலும் அந்தக் கேள்வியை நான் கேட்டதில்லை. "பிள்ளை அங்க பந்து விளையாடினவள்" என்பதுதான் எங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் தெரிந்தது. யாழ்ப்பாணத்தில் இருக்கும் மாமாவுக்கு அதுகூடத் தெரியாது. அவள் யூனிவேர்சிட்டியில் படித்தவள் என்பதோடு அவருக்குக் கதை முடிந்துவிடும்.

அன்று வெளிநாட்டவர் அலுவலகத்தில் எங்களுக்கு டெர்மின், அதாவது சந்திப்பு நேரம், கிடைத்திருந்தது. அந்த டெர்மின் கிடைப்பதற்குள் குளிர்காலமே முடிந்துவிட்டது. தாரணி இளைஞர்களுக்கான விடுமுறை விசாவில் வந்தவள். இங்கேயே தங்கி உடற்பயிற்சி மருத்துவத்தில் அவுஸ்பில்டுங், அதாவது தொழிற்பயிற்சி செய்ய வேண்டும் என்று விசாவை மாற்றக் கேட்டிருந்தாள். அவளுடைய ஜேர்மன் அப்போது அரைகுறை. நான் துணைக்குப் போயிருந்தேன்.

மேசைக்குப் பின்னால் இருந்த அதிகாரி அம்மா கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிவிட்டுத் தாரணியைப் பார்த்தார். அலுமாரிக் கைப்பிடியில் ஏதோ ஒரு உதைபந்துக் கழகத்தின் சால்வை தொங்கியது.

"தொழில்முறை உதைபந்தாட்ட வீராங்கனையா? எந்த இடத்தில் விளையாடுவீர்கள்? முன்னாலா, கோல் காப்பாளரா?"

"இது அந்த உதைபந்து இல்லை," என்றாள் தாரணி. "அவுஸ்திரேலிய விதிகளின்படி ஆடுவது."

"அப்படியென்றால் ரக்பி?"

"அதுவும் இல்லை."

அதிகாரி என்னைப் பார்த்தார். எனக்கும் தெரியாது. ஆனாலும் உதவ வேண்டுமே! பந்து முட்டை வடிவத்தில் இருக்கும் என்று மட்டும் ஒரு படத்தில் பார்த்திருந்தேன். அதைச் சொல்லப் போய், என் வாயிலிருந்து "முட்டைகளோடு விளையாடுவது" என்று வந்துவிட்டது. ஜேர்மன் மொழியில் முட்டைக்கு இன்னொரு அர்த்தம் இருக்கிறது. அதை இங்கே எழுத ஏலாது. அந்த அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். தாரணியும் சிரித்தாள். முப்பது வருடமாக இந்த நாட்டில் இருக்கிற நான் காது சிவந்துபோய் இருந்தேன்.

கணினியில் அப்படி ஒரு தொழில் இல்லையாம். கடைசியில் "மற்றவை" என்ற இடத்தில் அவளைப் போட்டார். போட்டுவிட்டு, அலுவலகக் குரலை விட்டு விலகி, "நன்றாக விளையாடுவீர்களா?" என்று கேட்டார்.

தாரணி மிகச் சரியான இலக்கணத்தில், இறந்த காலத்தில் சொன்னாள்: "விளையாடினேன்."

2

திரும்பி வரும்போது டிராமில் நான் கேட்டேன். "பிள்ளை, நீ அங்க என்னதான் செய்தனீ? வடிவாச் சொல்லு."

அவள் தமிழில்தான் சொன்னாள். ஆங்கிலம் இடையில் வந்தால் நான் விளங்காமல் முழிப்பேன் என்று அவளுக்குத் தெரியும்.

அவளுடைய தெருவில் எல்லாப் பெடியன்களும் அந்தப் பந்தைத்தான் விளையாடினார்களாம். சின்ன வயதில் பெட்டைகளும் சேர்ந்து ஆடலாம். ஒரு குறிப்பிட்ட வயது வந்ததும் பெட்டைகளுக்கு அணி கிடையாது. தகப்பன் அந்த வருடம்தான் மாரடைப்பில் போனார். "அப்பாவும் போனார், ஃபூட்டியும் போச்சு" என்றாள். அங்கே அந்த விளையாட்டைச் செல்லமாக அப்படித்தான் சொல்வார்கள். பிறகு பல வருடம் வலைப்பந்து ஆடினாள். அவள் யூனிவேர்சிட்டியில் இருந்தபோது பெண்களுக்கான முதல்தர லீக் தொடங்கியது. வேறு விளையாட்டுகளில் வேகமாக ஓடும் பெண்களை ஆள்விட்டுத் தேடினார்கள். இவளையும் பிடித்தார்கள்.

"முட்டைப் பந்து நிலத்தில விழுந்தா எந்தப் பக்கம் எழும்பும் எண்டு ஒருத்தருக்கும் தெரியாது சித்தி. எனக்குத் தெரியும். எப்பிடி எண்டு கேட்டாச் சொல்லத் தெரியாது. விழ முதலே கால் ஓடத் தொடங்கியிடும்."

அது ஒன்றுக்காகத்தான் அவளை எடுத்தார்களாம். வானொலியில் வர்ணனை செய்கிறவர்கள் அவளுடைய குடும்பப் பெயரை உச்சரிக்கப் பயந்து "தாரா" என்று சுருக்கிவிட்டார்கள். மைதான வேலியோரம் நின்ற சின்னப் பெட்டைகள் அவளிடம் கையெழுத்து வாங்கினார்கள். அவர்களில் ஒருத்தி நெற்றியில் திருநீறு பூசியிருந்தாளாம். அதைச் சொல்லும்போது மட்டும் தாரணி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"பிறகு என்ர முழங்கை கிழிஞ்சுபோச்சு" என்றாள்.

"ஐயோ, கையோ?"

அவள் முழங்காலைத் தொட்டுக் காட்டினாள். இந்த இரண்டு சொற்களும் அவளுக்கு எப்போதும் இடம் மாறிப்போகும். நான் திருத்தவில்லை.

முழங்கால் நாண் அறுந்தது. ஒரு வருடம் கட்டிலும் பயிற்சிக்கூடமுமாகக் கிடந்து திரும்ப வந்தாள். வந்த மறுவருடம் அதே இடம் மறுபடியும் அறுந்தது. அந்தப் பருவம் முடிந்ததும் ஒரு அறைக்குக் கூப்பிட்டு, மிகவும் அன்பாகப் பேசி, அவளை அணியிலிருந்து எடுத்துவிட்டார்கள். ஆடிய ஆட்டங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

நான் ஒரு மருத்துவமனையில் அறுவைச் சிகிச்சைக் கருவிகளைக் கழுவி, கிருமி நீக்கி, பெட்டியில் அடுக்குகிற வேலை செய்கிறேன். முழங்காலுக்குரிய பெட்டி தனி. மெல்லிய குழாய், வளைந்த கொக்கி, சின்னத் துளைகருவி என்று எல்லாம் எனக்குப் பழக்கம். அன்று வீட்டுக்கு வந்து அவள் கால்சட்டையைச் சுருட்டிக் காட்டியபோதுதான், அந்தக் கருவிகள் போய் வந்த இடத்தை முதல்முறையாகப் பார்த்தேன். நீளமான ஒரு தழும்பு, பக்கத்தில் சின்னச் சின்னதாய்ச் சில.

"அப்ப ஏன் ஜேர்மனிக்கு வந்தனீ?"

"அங்க பல்லு டொக்டரும் அதைத்தான் கேப்பார், பஸ் ட்ரைவரும் அதைத்தான் கேப்பார். கால் எப்பிடி, திரும்பி வருவியா எண்டு. உந்த விளையாட்டை ஒருத்தருக்கும் தெரியாத ஊராப் பாத்து வந்தனான் சித்தி."

நாங்கள் இந்த நாட்டுக்கு வந்தபோது எங்கள் ஊர் எங்கே இருக்கிறது என்றுகூட இங்கே எவருக்கும் தெரியவில்லை. அதற்காக அழுதிருக்கிறேன். தெரியாமல் இருப்பதற்காகவே ஒருத்தி விமானம் ஏறி வருவாள் என்பது எனக்குப் புதிதாக இருந்தது.

3

தெரியாத ஊர் என்று ஒன்று இப்போது எங்கே இருக்கிறது? என் மகள் அபி ஒரு ஞாயிற்றுக்கிழமை கைபேசியை நீட்டினாள். ரைன் ஆற்றோரப் புல்வெளியில், எங்கள் வீட்டிலிருந்து டிராமில் போகிற தூரத்தில், அந்த விளையாட்டை ஆடுகிற ஒரு கூட்டம் இருந்தது.

அபி இங்கே பிறந்தவள். என்னோடு பேசும்போது தமிழில் தொடங்கி ஜேர்மனில் முடிப்பாள். தாரணியோடு ஆங்கிலத்தில் பேசுவாள். இரண்டு பேரும் குசினியில் சிரிக்கும்போது என்ன பகிடி என்று கேட்டால், "அம்மா, மொழிபெயர்த்தா பகிடி செத்துப்போகும்" என்பாள். தாரணி வருவதற்கு முன்னர், ஞாயிற்றுக்கிழமைகளில் அபி என்னோடு எங்கேயும் வந்ததில்லை. இப்போது மூன்று பேருமாகப் போனோம்.

பார்த்ததும் எனக்கே சிரிப்பு வந்தது. கோல் கம்பங்களுக்குப் பதில் பிளாஸ்டிக் குழாய்களை நட்டிருந்தார்கள். ஆணும் பெண்ணும் கலந்து ஆடினார்கள். அணித் தலைவர் பெரிய தாடிக்காரர், பள்ளிக்கூட ஆசிரியர். மெல்பேர்ணிலிருந்து வந்த ஒரு சமையல்காரரும் இருந்தார். மற்றவர்கள் இங்கத்தைய ஆட்கள். பந்தைக் காலால் அடித்தால் அது முன்னால் போகாமல் பக்கத்தில் நாயோடு நடப்பவரின் மேல் போய் விழுந்தது. ஆனால் எல்லோருக்கும் அப்படி ஒரு சந்தோஷம்.

தாரணி ஜக்கெற் பைக்குள் கையை விட்டுக்கொண்டு தூரத்தில் நின்றாள். ஒரு தடவை பந்து உருண்டு அவள் காலடிக்கே வந்தது. காலை நீட்டினால் போதும். அவள் ஒரு அடி விலகி நின்றாள். பந்து அவளைத் தாண்டிப் பற்றைக்குள் போனது. தாடிக்காரர் ஓடிவந்து அவளிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு எடுத்துக்கொண்டு போனார்.

அடுத்த ஞாயிறும் போனோம். அதற்கடுத்த ஞாயிறு, ஒரு பெண் பந்தைக் காலுக்குப் போடும் விதத்தைப் பார்த்துப் பொறுக்க முடியாமல், "கையை விடு, எறியாதை, விடு" என்று தாரணி கத்திவிட்டாள். தமிழில்! அந்தப் பெண் திரும்பிப் பார்த்தாள். பிறகு மறைக்க முடியவில்லை. அவள் யார் என்று சமையல்காரர் கண்டுபிடித்து, வாயைத் திறந்தபடி நின்றார்.

அவர்கள் கெஞ்சியும் தாரணி ஆடவில்லை. டொக்டர் தடுத்திருக்கவும் இல்லை. "கால் ஏலும் சித்தி. எனக்குத்தான் ஏலாது" என்றாள். கடைசியில் கோல் நடுவராக மட்டும் நிற்க ஒத்துக்கொண்டாள். நடுவர் இரண்டு கொடிகளோடு கம்பங்களுக்குப் பின்னால் நிற்பார். நடுவிலுள்ள இரண்டு பெரிய கம்பங்களுக்கு இடையில் பந்து போனால் ஆறு புள்ளி, இரண்டு கொடிகளையும் வீச வேண்டும். ஓரத்துச் சின்னக் கம்பங்களுக்குள் போனால் ஒரு புள்ளி, ஒரு கொடி. தவறியதற்கும் புள்ளி கொடுக்கிற விளையாட்டை நான் அதுவரை கேள்விப்பட்டதில்லை. பந்தை எறியக் கூடாது, உள்ளங்கையில் வைத்து மற்றக் கையால் குத்தி அனுப்ப வேண்டும். பந்தோடு ஓடினால் இடையிடையே நிலத்தில் தட்ட வேண்டும். எதிராளியின் முதுகில் முழங்கால் ஊன்றி எழும்பிப் பந்தைப் பிடித்தால் குற்றமில்லை, கைதட்டுவார்கள். ஒவ்வொரு ஞாயிறும் நான் ஒரு விதி கற்றுக்கொண்டு வந்தேன். வீட்டில் என் கணவருக்குக் கோப்பையையும் கரண்டியையும் வைத்து விளக்குவேன். அவர் சாப்பிட்டு முடிக்கும்வரை பொறுத்திருப்பார்.

4

ஒருநாள் சமைத்துக்கொண்டிருக்கும்போது தாரணியிடம் கேட்டேன். "அக்கா உன்ர ஆட்டம் எல்லாம் பாத்திருப்பாவே?"

"அம்மாவோ?" அவள் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தாள். "அம்மாதான் எப்பவும் காரில கொண்டுபோய் விடுவா. ஆனா இறங்க மாட்டா. கார் நிப்பாட்டுற இடத்திலேயே இருப்பா. முடிஞ்சு வந்தா ஒண்டும் கேக்க மாட்டா. வெண்டதோ தோத்ததோ எண்டுகூட. சோறு இருக்கு, சாப்பிடு எண்டுவா. அவ்வளவுதான்."

"ஏன்?"

"வெக்கம் சித்தி. காலைக் காட்டிக்கொண்டு, சேத்துக்குள்ள விழுந்து உருண்டு... தமிழ் ஆக்கள் என்ன சொல்லுவினம் எண்டு."

எனக்கு அது பொருந்தவில்லை. எங்கள் கொன்வென்ற் பள்ளிக்கூடத்தில் அக்கா வலைப்பந்து அணித் தலைவி. குட்டைப் பாவாடையோடு அவள் ஆடுவதைப் பற்றிச் சங்கக்கடையில் நின்று யாரோ கதைத்ததாக அப்பா வந்து சொன்னபோது, "கதைக்கிறவையை வந்து பந்தைப் போடச் சொல்லுங்கோ" என்று சொன்னவள். சண்டை வந்து பள்ளிக்கூடம் அகதி முகாமாக மாறிய பிறகும், வளையம் மட்டும் நின்ற கம்பத்தில் அகதிப் பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டு பந்து போட்டவள். அவளா காலுக்கு வெட்கப்படுவாள்?

ஆனால் மனிதர்கள் மாறுவார்கள். கணவனை இழந்து, அந்நிய ஊரில் தனியாக ஒரு பெட்டையை வளர்த்தவளைப் பற்றி நான் இங்கிருந்து என்ன சொல்ல முடியும்? தொலைபேசியில் கேட்கிற விஷயமாகவும் அது எனக்குப் படவில்லை. ஆனால் அந்தக் கேள்வி போகவில்லை. வேலையில் கருவிகளை அடுக்கும்போதுகூட அதுதான் ஓடியது.

5

கோடையில் அக்கா வந்தாள். தாரணிக்கு அவுஸ்பில்டுங் கிடைத்து, விசாவும் மாறியிருந்தது. மகள் இனி எங்கே இருக்கப்போகிறாள் என்று பார்த்துவிட்டுப் போக வந்தாள். அந்த ஞாயிறு ஆற்றோரத்தில் பக்கத்து நகரத்து அணியோடு போட்டி. தேவாலயத்தில் பூசை முடிந்ததும் நாங்கள் நால்வரும் புறப்பட்டோம். தாரணியும் அபியும் முன்னுக்குப் போய்விட்டார்கள்.

டிராமிலிருந்து இறங்கியதும் அக்கா தரிப்பிடத்து வாங்கில் உட்கார்ந்தாள். கைப்பையிலிருந்து செபமாலையை எடுத்தாள்.

"நீ போட்டு வா, வதனி. நான் இதில இருக்கிறன்."

புல்வெளி அங்கிருந்து தெரியாது. சத்தம் மட்டும் கேட்கும். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"அக்கா, மெல்பேர்ணிலயும் உப்பிடித்தான் காருக்குள்ள இருந்தனீங்களாம்."

"ஆர் சொன்னது?"

"உங்கட மகள்தான். ஏன் அக்கா?"

அவள் மணிகளை உருட்டினாள். ஒரு டிராம் வந்து போனது.

"ஒருக்கா இறங்கிப் போய்ப் பாத்தனான்," என்றாள். "ஒரே ஒருக்கா. சனம் எல்லாம் இவளின்ர பேரைச் சொல்லிக் கத்துது. என்ர பிள்ளை ஓடுறாள், வதனி... மான் மாதிரி. ஐயோ, எவ்வளவு வடிவா ஓடுறாள் எண்டு நினைச்சன். நினைச்ச உடன விழுந்திட்டாள். ஒருத்தரும் முட்டேல்லை. தானாத் திரும்பினவள், விழுந்தாள். அவள் கத்தினது மேல் வரிசையில இருந்த எனக்கும் கேட்டது."

"அதுக்கு நீங்கள் என்ன செய்யிறது?"

"கண்ணூறு. என்ர கண்தான். தாயின்ர கண்ணைவிடப் பொல்லாத கண் இல்லையடி."

நான் விடாமல் கேட்டேன். "இரண்டாந்தரம் கால் போன அண்டு நீங்கள் காருக்குள்ளதானே இருந்தனீங்கள்? பாக்கேல்லையே?"

"பாக்கேல்லைத்தான். காருக்குள்ள கண்ணை மூடிக்கொண்டு இருந்தன். மூடிக்கொண்டு அவள் ஓடுறதைத்தான் நினைச்சுப் பாத்தன்."

எனக்குச் சிரிப்பு வந்தது; அவள் முகத்தைப் பார்த்ததும் அடக்கிக்கொண்டேன். தூரத்தில் ஊதல் சத்தம் கேட்டது. ஆட்டம் தொடங்கப்போகிறது.

"அக்கா, அவள் என்ன நினைச்சுக்கொண்டிருக்கிறாள் எண்டு தெரியுமோ? நீங்கள் வெக்கப்பட்டு இறங்கேல்லையாம்."

"வெக்கமோ?" அக்கா என் முகத்தைப் பார்த்தாள். "எனக்கோ? அவளை நினைச்சோ?"

"ஓம். இத்தனை வருசமா."

அக்கா செபமாலையைக் கைப்பைக்குள் போட்டாள். எழுந்தாள். எந்தப் பக்கம் என்றுகூடக் கேட்காமல் சத்தம் வந்த திசைக்கு நடந்தாள். எனக்கு ஓடித்தான் பிடிக்க வேண்டியிருந்தது.

6

எல்லைக் கோட்டோரம் இரண்டு மடக்குக் கதிரைகளை விரித்தோம். அக்கா உட்காரவில்லை. கதிரையின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"இதில என்ன நடக்குது? ஏன் அவன் பந்தை நிலத்தில குத்துறான்?"

முப்பது வருடம் மெல்பேர்ணில் இருந்த அக்காவுக்கு, டுசல்டோர்ஃபில் இருக்கிற நான் அந்த விளையாட்டின் விதிகளைச் சொல்லிக்கொடுத்தேன். ஏன் நிலத்தில் தட்டுகிறார்கள், எப்போது ஆறு, எப்போது ஒன்று. அக்கா எங்கள் கொன்வென்ற்றில் கேட்டதுபோலக் கூர்மையாகக் கேட்டாள். "அப்ப பின்னுக்கு நிக்கிறவையை இன்னும் விலத்தி நிக்கச் சொல்லலாமே? இப்பிடி ஒட்டி நிண்டா எப்பிடி?" தாடிக்காரருக்கு இதை யாராவது சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

தாரணி மறுமுனைக் கம்பத்துக்குப் பின்னால் கொடிகளோடு நின்றாள். எங்கள் பக்கம் பார்த்தாள். என்னைப் பார்த்துக் கை அசைத்தாள். பிறகு என் பக்கத்தில் நிற்பது யார் என்று தெரிந்ததும் அசைத்த கை அப்படியே நின்றது.

இடைவேளையில் ஒரு பெண் கெண்டைக்கால் பிடித்து வெளியே போனாள். தாடிக்காரர் வழக்கம்போலத் தாரணியிடம் போய் ஏதோ கேட்டார். அவள் வழக்கம்போலத் தலையாட்டி மறுப்பாள் என்றுதான் நான் நினைத்தேன். அவள் கொடிகள் இரண்டையும் பக்கத்தில் நின்ற அபியிடம் நீட்டினாள்.

அக்காவின் விரல்கள் என் மேற்கையில் பதிந்தன. "மாதாவே" என்றாள். "நான் போகட்டோ, வதனி? நான் நிக்கக் கூடாது."

"நில்லுங்கோ."

"கண்ணை மூடட்டோ?"

"மூடினாலும் பாக்கிறனான் எண்டுதானே சொன்னனீங்கள். திறந்துகொண்டே பாருங்கோ."

நான் அதுவரை பார்த்தது அந்த விளையாட்டே இல்லை என்று பிறகுதான் விளங்கியது. எல்லோரும் பந்து இருக்கிற இடத்துக்கு ஓடினார்கள். தாரணி பந்து வரப்போகிற இடத்துக்கு ஓடினாள். அது நிலத்தில் பட்டு, எல்லோரையும் ஏமாற்றிக் கோணலாக எழும்பியபோது, அதற்காகவே காத்திருந்ததுபோல அவள் கைகள் அங்கே இருந்தன. எடுத்தாள், திரும்பினாள், இரண்டு பேருக்கு நடுவால் போனாள், கடைசியில் தாடிக்காரருக்குக் குத்தி அனுப்பினாள். ஆற்றுப் பக்கத்துக் காற்று தலைமயிரைக் கலைத்தது. சமையல்காரர் ஆடுவதை விட்டுவிட்டு இடுப்பில் கை வைத்துப் பார்த்துக்கொண்டு நின்றார்.

பிறகு மற்ற அணியின் உயரமான ஒருவன் பக்கவாட்டில் வந்து அவளை மோதினான். விழுந்தாள். அக்காவின் நகம் என் தோலுக்குள் போய்விட்டது. தாரணி புல்லில் முகம் குப்புறக் கிடந்தாள். அவள் ஒரு காலை ஊன்றினாள். மற்றக் காலை ஊன்றினாள். எழும்பினாள்.

"டேய் நெடுவல்!" என்று அக்கா கத்தினாள். ஆற்றில் போன கப்பலுக்கே கேட்டிருக்கும். "கண் தெரியாதோ உனக்கு? அவளின்ர முழங்காலடா! தள்ளி நில்லு!"

அந்த நெடுவலுக்கு எந்த மொழி என்றுகூடத் தெரிந்திராது. ஆனாலும் இரண்டு கைகளையும் உயர்த்தி அக்காவிடம் மன்னிப்புக் கேட்டான். தாரணி இடுப்பைப் பிடித்துக்கொண்டு குனிந்து சிரித்தாள்.

கொஞ்ச நேரத்தில், யாரும் சொல்லாமலே, கையைக் காட்டிவிட்டு வெளியே வந்தாள். நொண்டவில்லை. நேரே எங்களிடம் வந்தாள். அக்கா குனிந்து அவள் முழங்காலை இரண்டு கைகளாலும் பொத்திப் பிடித்தாள்.

"நோகுதோ?"

"இல்லையம்மா."

"நான் வெக்கப்படேல்லை, பிள்ளை. பயந்தனான்."

"என்னத்துக்கு?"

"என்ர கண்ணுக்கு."

தாரணிக்கு விளங்க நேரம் எடுத்தது. என்னைப் பார்த்தாள். நான் தலையாட்டினேன். அவள் புல்லில் அப்படியே இருந்துவிட்டாள். தாயின் கை அவள் முழங்காலிலேயே இருந்தது. அபி அங்கிருந்து இரண்டு கொடிகளையும் தூக்கிக்கொண்டு ஓடிவந்து, "என்ன, என்ன நடந்தது?" என்று ஜேர்மனில் கேட்டாள். பிறகு பதிலுக்குக் காத்திராமல் பெரியம்மாவின் பக்கத்தில் இருந்துகொண்டாள்.

திரும்பும்போது டிராமில் சனம் இல்லை. அக்காவும் தாரணியும் முன் இருக்கையில், நானும் அபியும் பின்னால். அக்கா மகளின் பக்கம் திரும்பினாள்.

"நீ பந்தை எடுத்துக்கொண்டு நல்லாத்தானே ஓடினனீ. கம்பமும் முன்னுக்குத்தான் இருந்தது. பிறகு என்னத்துக்கு அந்தத் தாடிக்காரனுக்குக் குடுத்தனீ? நீயே அடிச்சிருக்கலாமே?"

அவள் மகளிடம் அந்த விளையாட்டைப் பற்றிக் கேட்ட முதல் கேள்வி அது.

தாரணி ஒரு கணம் தாயைப் பார்த்தாள். பிறகு தங்களுக்கு முன்னாலிருந்த வெற்று இருக்கையின் முதுகில் விரலால் கோடு போடத் தொடங்கினாள். "அம்மா, பாருங்கோ. நான் இதில நிக்கிறன். என்னைத் துரத்துறவள் இந்தப் பக்கம்..." அக்கா குனிந்து, இல்லாத கோட்டை உற்றுப் பார்த்தாள். இடையில் மறித்துக் கேட்டாள். தாரணி அழித்து மறுபடி போட்டாள்.

எங்கள் தரிப்பிடம் வந்தது. இறங்குவதற்கு அபி பொத்தானை அழுத்தக் கையை நீட்டினாள். நான் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன். கதவு திறக்கவில்லை. டிராம் எங்கள் வீட்டைத் தாண்டிப் போனது.

அபி என்னைப் பார்த்தாள். பிறகு தன் கையை என் கைக்குள்ளேயே விட்டுவிட்டு, முன்னால் நடந்த பேச்சைக் கேட்டுக்கொண்டு வந்தாள்.